விழுந்த நீர் மறுபடி விழுமா?

ஆடிச் சாரலில் குற்றாலம் போய்வந்தவர்களுக்கு இரண்டு காட்சிகள் மறக்காது. ஒன்று பேரருவி. மேலே நின்று நாலு பேர் முதுகில் மொத்துவதுபோல் விழுகிற தண்ணீர், பாறையைவிட்டு இறங்கிப் பாலத்துக்கு அடியில் வந்ததும் ஒன்றுமே அறியாத பிள்ளைபோலச் சிற்றாறாய் நடந்து போகும். இன்னொன்று, குளித்து முடித்து நடுங்கிக்கொண்டு ஒதுங்குகிற டீக்கடை. சாரலில் ஊறிய விறகை வைத்துக்கொண்டு கடைக்காரர் படுகிற பாட்டைப் பார்த்திருப்பீர்கள். காகிதத்தைக் கொளுத்திச் செருகுவார், சுள்ளியை நுழைப்பார், ஊதுகுழலால் கண்ணீர் வர ஊதுவார். புகைதான் வரும். ஆனால் ஒருமுறை பிடித்துக்கொண்டால் கவலையில்லை. அடுத்தடுத்து விறகைத் தள்ளினால் போதும், கடை சாத்தும்வரை எரியும்.

நாளெல்லாம் எரிகிற அளவுக்குத் தீ விறகுக்குள் இருக்கிறது என்றால், அதைத் தொடங்கிவைக்க ஏன் இத்தனை பாடு?

பள்ளிப் படிப்பின் நினைவிலிருந்து பலர் ஒரு பதில் சொல்வார்கள். விறகில் அணுக்களைக் கட்டியிருக்கும் வேதிப்பிணைப்புகளுக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது. எரிக்கும்போது பிணைப்பு உடைகிறது, ஆற்றல் வெளியே பாய்கிறது. கோலி சோடாவில் கோலியை உள்ளே தட்டியதும் சீறுகிற வாயுவைப் போல. நானும் நெடுங்காலம் இப்படித்தான் நம்பியிருந்தேன். மனத்தில் சட்டென்று பதிகிற படம் இது. ஒரே குறை, படம் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது.

எந்த வேதிப்பிணைப்பையும் உடைக்க ஆற்றலைச் செலவழித்தே ஆகவேண்டும். இதற்கு விலக்கான பிணைப்பு ஒன்றுகூடக் கிடையாது. ஆற்றல் வெளிவருவது அணுக்கள் சேர்ந்து புதுப் பிணைப்பு உண்டாகிறபோதுதான்.

இருப்பதிலேயே எளிய பிணைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹைட்ரஜன் அணுவில் நேர்மின்னுள்ள அணுக்கரு ஒன்று, எதிர்மின்னுள்ள எலக்ட்ரான் ஒன்று. இப்படி இரண்டு அணுக்கள் தொலைவில் இருக்கும்போது ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. நெருங்க நெருங்க, இந்த அணுவின் எலக்ட்ரானை அந்த அணுவின் கருவும் இழுக்கத் தொடங்குகிறது. இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு கருக்களுக்கும் பொதுச்சொத்தாகிவிடுகின்றன. இதைத்தான் சகப்பிணைப்பு என்கிறோம். அதற்காக ஒட்டிக்கொண்டே போகவும் முடியாது. மிகவும் நெருங்கினால் கருக்கள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். இழுப்பும் தள்ளலும் சரிக்குச் சரியாகும் இடத்தில் அணுக்கள் நிலைகொள்கின்றன. ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கி, அதில் முக்கால் பங்கு எடுத்தால் அதுதான் அந்த இடைவெளி. இது ஏன் இப்படி நடக்கிறது என்பதைக் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு முதலில் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஹைட்லர், லண்டன் என்ற இருவர், ஆண்டு 1927.

அந்த நிலைகொள்ளும் இடத்தை ஒரு பள்ளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சேரும்போது இரண்டு அணுக்களும் பள்ளத்தில் விழுகின்றன. விழுகிற எதுவும் ஆற்றலை விட்டுக்கொடுக்கும். குற்றாலத்தில் முதுகைக் கொடுத்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பிரிக்கவேண்டுமென்றால் பள்ளத்திலிருந்து தூக்கிவிட வேண்டும். எவ்வளவு ஆழமோ அவ்வளவு செலவு. அந்த ஆழத்துக்குத்தான் பிணைப்பு ஆற்றல் என்று பெயர். பெயரைக் கேட்டால் பிணைப்புக்குள் பூட்டிவைத்த சொத்துபோல ஒலிக்கிறது. குழப்பம் பாதி இந்தப் பெயரால் வந்ததுதான் என்பது என் எண்ணம். ‘பிரிப்புச் செலவு’ என்று பெயர் வைத்திருந்தால் பல மாணவர்கள் பிழைத்திருப்பார்கள்.

நம் வீடுகளில் நடக்கிற ஒரு காரியத்தை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நகையை அடகு வைத்தால் கையில் பணம் வரும். நகையை மீட்கப் பணம் கட்டவேண்டும். அணுக்கள் சேர்வது அடகு வைப்பது. ஆற்றல் கைக்கு வருகிறது. பிணைப்பை உடைப்பது நகையை மீட்பது. வாங்கிய அதே தொகையைத் திருப்பிக் கட்டவேண்டும். வட்டி கிடையாது. அந்த மட்டில் இயற்கை நம்மூர் அடகுக்கடைகளைவிட நல்லது.

எரிதல் என்பது மறு அடகு. குறைந்த தொகைக்கு வைத்திருந்த நகைகளை மீட்டு, அதே நகைகளை அதிகத் தொகை தருகிற இடத்தில் வைக்கிறோம். முதலில் கட்டியது போக மிச்சமாகக் கையில் நிற்கிற பணம்தான் அடுப்பின் சூடு.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வேதியியலில் கூட்டிக்கழிக்க மோல் என்ற அளவைப் பயன்படுத்துவார்கள். டஜன் என்றால் 12 என்பதுபோல, மோல் என்றால் 6 எழுதி அதன்பின் 23 பூஜ்யம் போட்டால் வருகிற எண்ணிக்கை. ஒரு மோல் நீர் என்பது 18 கிராம், ஏறக்குறைய ஒரு மடக்கு. ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்க 436 கிலோ ஜூல் வேண்டும். ஆக்சிஜனில் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன. அதை உடைக்க 498. நீரில் இருக்கிற ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுக்குச் சராசரியாக 463.

இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் எரிந்தால் இரண்டு மோல் நீர். மீட்புச் செலவு: 436 இரண்டு தடவை, 498 ஒரு தடவை, ஆக 1370. புது அடகில் கிடைப்பது: நீரில் நாலு பிணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 463 வீதம் 1852. மிச்சம் 482 கிலோ ஜூல். சோதனைச்சாலையில் ஹைட்ரஜனை எரித்து அளந்தாலும் இதையொட்டிய எண்தான் வருகிறது.

அணுக்களைக் கண்ணால் பார்க்க முடியாத காலத்தில் இந்த 436-ஐயும் 463-ஐயும் யார், எப்படிக் கண்டார்கள்? எனக்கு வேதியியலிலேயே பிடித்த பகுதி இதுதான்.

ஒரு வழி, ஒளியால் உடைத்துப் பார்ப்பது. ஹைட்ரஜனையும் குளோரினையும் கலந்து இருட்டில் வைத்தால் அவை சும்மா இருக்கும். எவ்வளவு பிரகாசமான சிவப்பு விளக்கைக் காட்டினாலும் அசையாது. ஊதா, நீலம் பக்கம் உள்ள ஒளி பட்டால் போதும், டப்பென்று வெடிக்கும். ஏன்? ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒரு பிணைப்பு ஒரு பொட்டலத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். சிவப்பு ஒளியின் பொட்டலம் சிறியது, நீலத்தினுடையது பெரியது. அடகுக்கடைக்காரர் சில்லறை வாங்கமாட்டேன், ஒரே நோட்டாகக் கொடு என்று அடம்பிடிப்பதுபோல. பத்து ரூபாய் நோட்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கினாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். எந்த நிறத்திலிருந்து உடைகிறது என்று தெரிந்தால் குளோரின் பிணைப்பின் ஆழம் தெரிந்துவிடும். மோலுக்கு 242 கிலோ ஜூல். ஆக்சிஜனின் 498-க்கு நீலமும் போதாது, கண்ணுக்குத் தெரியாத புறஊதா வேண்டும். வானத்தின் உயரத்தில் சூரியனின் புறஊதா அந்த வேலையைச் செய்வதால்தான் அங்கே ஓசோன் உண்டாகிறது.

இன்னொரு வழி, வெப்பத்தை அளந்து கணக்கை முடிப்பது. ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்த ஜெர்மைன் ஹெஸ், கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவு நீரில் கலக்கி, பிறகு அம்மோனியாவால் நடுநிலையாக்கிப் பார்த்தார். கலக்கும்போது அதிக வெப்பம் வந்தால் அம்மோனியா சேர்க்கும்போது குறைவாக வந்தது. அங்கே குறைந்தால் இங்கே கூடியது. மொத்தம் மாறவே இல்லை. 1840-இல் அவர் இதை விதியாகச் சொன்னார். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் எந்த வழியாகப் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றுதான்.

தென்காசிக்காரருக்கு இது புதிய செய்தி அல்ல. தென்காசி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 150 மீட்டர் மேலே இருக்கிறது, கொல்லம் கடலோரம். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையேறிப் போனாலும் சரி, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று சுற்றிக்கொண்டு போனாலும் சரி, கடைசியில் நாம் இறங்கியிருக்கும் உயரம் அதே 150 மீட்டர்தான். ஹெஸ் விதியால் நேரில் அளக்க முடியாத படிகளையும் சுற்றுவழியில் கணக்கிட முடிந்தது. 1881-இல் பிரெஞ்சுக்காரர் பெர்த்தலோ, தடித்த எஃகுக் குடுவைக்குள் பொருளையும் அழுத்திய ஆக்சிஜனையும் அடைத்து, குடுவையை நீரில் அமிழ்த்தி, உள்ளே எரியவிட்டு, நீர் எத்தனை டிகிரி சூடேறுகிறது என்று பார்க்கும் கருவியைச் செய்தார். இப்படி ஆயிரக்கணக்கான பொருள்கள் எரிக்கப்பட்டன. அந்தக் கணக்குகளையெல்லாம் திரட்டி, இந்தப் பிணைப்புக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டவர்களில் முதன்மையானவர் வேதியியலாளர் லைனஸ் பாலிங்.

ஒரு எச்சரிக்கை. பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் சராசரிகள். நீரிலிருந்து முதல் ஹைட்ரஜனைப் பிடுங்க 497 கிலோ ஜூல் ஆகும். மிச்சமிருப்பதிலிருந்து இரண்டாவதைப் பிடுங்க 428 போதும். இரண்டுக்கும் நடுவில்தான் நம் 463. பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பிணைப்பின் பலமும் மாறும்.

இனி அருவிக்கு வருவோம். ஜூல் என்ற அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஜூல், அருவியைப் பார்த்தால் வெப்பமானியைத் தேடுகிற மனிதர். நயாகராவின் 160 அடி வீழ்ச்சியில் நீர் ஃபாரன்ஹீட் அளவில் ஐந்தில் ஒரு டிகிரி சூடேறும் என்று 1845-இல் எழுதினார். 1847-இல் திருமணம் முடிந்து ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போயிருந்தபோது, கையில் நீண்ட வெப்பமானியோடு அருவிகளைத் தேடிக்கொண்டிருந்த அவரை வழியில் சந்தித்ததாக இயற்பியலாளர் கெல்வின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஜூலின் புதுமனைவி என்ன நினைத்தாரோ. அளவீடு சரிவரவில்லை, அங்கே நீர் கீழே வருமுன் திவலையாகச் சிதறிவிட்டது.

ஜூலின் கணக்கைக் குற்றாலத்துக்குப் போட்டால், பேரருவி ஏறக்குறைய 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, நீர் சூடேறுவது 0.14 டிகிரி செல்சியஸ். கீழே நின்று நடுங்குகிறவர் இதை நம்பமாட்டார். மலையிலிருந்து குளிர்ந்து வருகிற நீர், சாரல் காற்றில் ஆவியாகி இன்னும் குளிர்கிற நீர், அதில் 0.14 டிகிரி எந்த மூலைக்கு? ஆற்றலாகச் சொன்னால், ஒரு கிலோ நீர் 60 மீட்டர் விழும்போது தருவது 0.6 கிலோ ஜூல்கூட முழுசாக இல்லை.

அதே ஒரு கிலோ நீர், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்து உருவானபோது எவ்வளவு தந்திருக்கும்? ஆவியாகப் பிறந்து, குளிர்ந்து திரவமானதுவரை சேர்த்தால் ஏறக்குறைய 15,900 கிலோ ஜூல். பேரருவியைப் போல 27,000 மடங்கு. புவியீர்ப்பு உயரத்தோடு குறையாது என்று வைத்துக்கொண்டால், இது 1600 கிலோமீட்டர் உயர அருவியிலிருந்து விழுவதற்குச் சமம். நீங்கள் கையில் ஏந்தும் நீர், பேரருவியின் பொங்குமாகடலில் விழுவதற்கு எவ்வளவோ முன்னாலேயே அந்தப் பெரிய அருவியில் விழுந்து முடித்த நீர். அதன் முன்னால் குற்றாலத்தின் திரிகூடமலை ஒரு படிக்கட்டுக்குக்கூடக் காணாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1996-க்குப் போகலாம். தென்காசிக்கு வடக்கே, ராஜபாளையத்தை அடுத்த இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையை நீரில் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். நாடே திரும்பிப் பார்த்தது. பத்திரிகைகள் கொண்டாடின, அமைச்சர்கள் பார்வையிட்டார்கள், ஐ.ஐ.டி. வரை செயல்விளக்கம் போனது. பல ஆண்டுகள் நடந்த வழக்கில், 2016-இல் சென்னையில் விசாரணை நீதிமன்றம் அது மோசடி என்று தீர்ப்பளித்தது.

அன்று எங்கள் பக்கத்தில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. படித்தவர்களும் நம்பினார்கள். நம்பியதற்கு அவர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: ‘நீரில் ஹைட்ரஜன் இருக்கிறது, ஹைட்ரஜன் எரியும், பிறகென்ன?’ இருப்பது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே பெருந்தொகைக்கு அடகு வைத்தாகிவிட்ட நகை. நீர் என்பது ஹைட்ரஜனின் சாம்பல். மீட்க வேண்டுமானால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டவேண்டும். மின்சாரம் பாய்ச்சி நீரைப் பிரிப்பது அன்றாடம் நடக்கிற காரியம்தான். செலவாகும் ஆற்றல், பிறகு அந்த ஹைட்ரஜனை எரித்துப் பெறுவதைவிட எப்போதும் கூடுதல். அந்தப் பணத்தை மூலிகை கட்டுமா? கட்டலாம், மூலிகையே எரிபொருளாக இருந்து அதன் தொகையைக் கரைத்தால். அடுப்பில் ஒரு கட்டு மூலிகையைப் போட்டு எரிப்பதைவிட அதிகமாக அந்தப் பாத்திரத்திலிருந்து எதுவும் கிடைக்காது. இதைச் சொல்ல மூலிகையின் பெயர்கூடத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

எரிபொருளைப் பற்றிப் பேசும்போது ஒருவரை மறந்துவிடுகிறோம். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம், விறகுக்குக் கொடுக்கிறோம். காற்று சும்மா வருவதால் ஆக்சிஜனுக்கு மரியாதை இல்லை. கணக்கைப் பார்த்தால் பெருவள்ளல் அதுதான்.

ஆக்சிஜனின் பிணைப்பு இரட்டைப் பிணைப்பு என்றாலும் வலுக்குறைந்தது, 498-தான். பக்கத்திலேயே இருக்கும் நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பு 945. ஆக்சிஜனைக் குறைந்த தொகைக்கு மீட்டு, கார்பனோடும் ஹைட்ரஜனோடும் பெரும் தொகைக்கு வைக்கலாம். கார்பன் டை ஆக்சைடில் ஒரு பிணைப்புக்கே 799 கிடைக்கும். நைட்ரஜனை மீட்பதோ சாமானியமல்ல. அதனால்தான் காற்றில் முக்கால்வாசிக்கு மேல் அதுவே இருந்தும், தீக்குச்சி கிழித்தால் வானம் பற்றிக்கொள்வதில்லை.

தார்ன்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1917-இல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கரிமப் பொருள் எதை எரித்தாலும், செலவான ஆக்சிஜன் ஒரு மோலுக்கு வரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றே. விறகோ, மண்ணெண்ணெயோ, தேங்காய் எண்ணெயோ, சுமார் 418 கிலோ ஜூல். சில விழுக்காடு இப்படி அப்படி. வெப்பத்தின் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வந்திருந்தால் பொருளுக்குப் பொருள் எண் எகிறியிருக்கும். இப்போது தீ விபத்துகளை ஆராயும் கூடங்களில் ஒரு சோபா எரிந்தால் எவ்வளவு வெப்பம் வருகிறது என்பதை வெப்பமானி வைத்து அளப்பதில்லை. புகைபோக்கியில் எவ்வளவு ஆக்சிஜன் காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு கிலோ ஆக்சிஜனுக்கு 13.1 மெகா ஜூல் என்று பெருக்கினால் முடிந்தது.

நம் உடம்புக்கும் இதே கணக்குதான். உள்ளிழுத்துச் செலவழிக்கும் ஒவ்வொரு லிட்டர் ஆக்சிஜனுக்கும் சுமார் 20 கிலோ ஜூல். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஏறுகிறோம். 60 கிலோ எடையுள்ளவர் ஒவ்வொரு 60 மீட்டர் ஏறுவதற்கும் உடலைத் தூக்க மட்டும் 35 கிலோ ஜூல் வேண்டும். தசைகள் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மற்றது வியர்வையும் சூடும். ஆக 140 கிலோ ஜூல். அதற்கு 7 லிட்டர் ஆக்சிஜன். மூச்சு வாங்குவது அதனால்தான். மாவுச்சத்தாகச் சொன்னால் எட்டு கிராம் மட்டுமே. செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டரில் முந்தின இரவு அடுக்கிய பரோட்டாவை இப்படி ஏறிக் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எத்தனை அருவி ஏறவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

உயிரியல் பாடப் புத்தகங்களில் ஏ.டி.பி. என்ற மூலக்கூறின் பாஸ்பேட் பிணைப்புக்கு ‘உயர் ஆற்றல் பிணைப்பு’ என்று ஒரு பட்டம் உண்டு. 1941-இல் உயிர்வேதியியலாளர் ஃப்ரிட்ஸ் லிப்மன் பரப்பிய சொல்வழக்கு. அங்கேயும் இதே கதைதான். அந்தப் பாஸ்பேட் பிணைப்பை உடைக்கச் செலவு உண்டு. நீரோடு சேர்ந்து உண்டாகும் புதுப் பிணைப்புகளும், பிரிந்த துண்டுகளை நீர் சூழ்ந்துகொள்வதும் அதைவிட அதிகமாகத் தந்துவிடுகின்றன. உயர்ந்தது பிணைப்பல்ல, மிச்சம்.

சரி, நனைந்த விறகு. மிச்சம் இவ்வளவு நிற்கும் என்றால் விறகு ஏன் தானாகப் பற்றிக்கொள்வதில்லை? பிரானூர் மரக்கடைகளில் மலைபோல் அடுக்கிய தடிகள் ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜனில் மூழ்கித்தான் கிடக்கின்றன.

மறு அடகு லாபம்தான். ஆனால் முதல் நகையை மீட்கக் கையில் காசு வேண்டாமா? அந்தக் கைமாற்றுத் தொகைக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். தென்காசியிலிருந்து கொல்லம் இறக்கம்தான், ஆனால் நடுவில் மலை நிற்கிறது. ஏறினால்தான் இறங்கலாம். தீக்குச்சியைப் பெட்டியில் உரசும்போது பெட்டியோரத்துச் சிவப்பு பாஸ்பரசும் குச்சித்தலையின் பொட்டாசியம் குளோரேட்டும் சந்திக்கின்றன. அவற்றுக்கு நடுவே நிற்கும் மலை சிறு குன்று, விரல் உரசும் சூடே தாண்டிவிடும். அந்தச் சூடு குச்சியை, குச்சி காகிதத்தை, காகிதம் சுள்ளியை என்று ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கைமாற்று கொடுத்துக்கொண்டே போவதுதான் அடுப்பு பற்றவைக்கும் கலை. கோவில்பட்டியும் சிவகாசியும் விற்பது தீயை அல்ல, அந்த முதல் கைமாற்றை.

நனைந்த விறகில் இந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. நீர் வெப்பத்தையெல்லாம் குடித்துவிடுவதால் என்று சொல்வோம். அதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2.3 மெகா ஜூல் போதும். ஒரு கிலோ உலர்ந்த விறகு தருவது 18-ஐ ஒட்டி. மொத்தக் கணக்கில் விறகுக்கே வெற்றி. சிக்கல் உயரத்தில்தான். விறகின் மரச்சத்து சிதைந்து எரியும் வாயுவாக மாற, மேற்பரப்பு சுமார் 300 டிகிரியை எட்டவேண்டும். ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு கொடுத்தாலும் மலையின் மூன்றிலொரு பங்கு உயரத்திலேயே வண்டி நின்றுவிடுகிறது.

கொதிக்கும் நீர் ஏன் ஹைட்ரஜனாகப் பிரிவதில்லை என்பதும் இங்கேயே விளங்கும். ஆவியாக்குவது ஒரு மூலக்கூறை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் வேலை, மோலுக்கு 44 கிலோ ஜூலுக்குள் முடிந்துவிடும். மூலக்கூறுக்கு உள்ளே கைவைக்க ஒவ்வொரு பிணைப்புக்கும் 463. டீக்கடைக் கொதிகலனில் நீர் கூட்டத்தைவிட்டு விலகுகிறதே தவிர, குடும்பத்தைப் பிரிவதில்லை.

மலையைச் சூடேற்றித்தான் தாண்ட வேண்டும் என்பதில்லை. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயில் முன்னும் பின்னும் இன்ஜின் பூட்டி ஏறினாலும், உச்சி வரை ஏறுவதில்லை; பகவதிபுரத்தைத் தாண்டிக் குகைக்குள் நுழைந்து ஆரியங்காவில் வெளியே வருகிறது. நூறாண்டு பழைய அந்தப் பாதை அகலப்பாதையாகி 2018-இல் மீண்டும் திறந்தபோதும் குகை குகைதான். வினையூக்கி செய்வது இதுவே. மலையை அது இடிப்பதில்லை, தென்காசியை உயர்த்துவதில்லை, கொல்லத்தைத் தாழ்த்துவதில்லை. நடுவே தாழ்வான ஒரு வழி திறக்கிறது. மிச்சக் கணக்கில் ஒரு ஜூல்கூட மாறாது. 300 டிகிரி வேண்டிய மாவுச்சத்து நம் உடம்பில் 37 டிகிரியில் எரிவது, நொதிகள் குடைந்துவைத்த இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான குகைகளின் வழியாக. மூலிகைக்கு ஆதரவாகப் பேசியவர்கள் சிலர் அதை வினையூக்கி என்று சொல்லிப் பார்த்தார்கள். குகை இருந்தாலும் கொல்லத்திலிருந்து தென்காசிக்கு ஏற்றம்தான்.

அப்படியானால் அந்த 1600 கிலோமீட்டர் அருவியின் கீழே கிடக்கும் நீரை யாருமே மேலே தூக்குவதில்லையா? தூக்குகிறார்கள், பகலெல்லாம். ஐந்தருவிக்கும் தேனருவிக்கும் மேலே காட்டில் இருக்கும் ஒவ்வொரு பச்சை இலையும் நீரைப் பிளந்துகொண்டிருக்கிறது. கட்டவேண்டிய தொகையைச் சூரியன் கட்டுகிறது. ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதல்ல, நீரிலிருந்தே வருவது என்று 1941-இல் ரூபன், கேமன் என்ற ஆய்வாளர்கள் எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்துக் கண்டுபிடித்தார்கள். நீரைக் கடலிலிருந்து மேகமாக்கி மலைமேல் ஏற்றும் அதே சூரியன், அதே மலையில் அதே நீரை அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பாதியை மரத்திலும் மறு பாதியைக் காற்றிலும் வைத்துவிட்டுப் போகிறது. இரண்டும் மறுபடி சந்திக்க ஒரு தீக்குச்சி வேண்டும்.

டீக்கடைக்காரர் கடைசியில் என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. நாளைக்கான விறகை அடுப்பின் மேட்டில் அடுக்கியிருந்தார். இன்றைய தீயின் சூட்டில் அது காய்ந்துகொண்டிருந்தது.